சம்பந்தி வீட்டு மாடிப்படி

கட்டி முடித்துக் கொடுத்த வீட்டுக்குள் தினகரன் மறுபடியும் கால் வைப்பதில்லை. கிரகப்பிரவேசத்தன்று பட்டு வேட்டியில் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். பால் பொங்குவதைப் பார்ப்பார், வீட்டுக்காரர் போர்த்துகிற துண்டை வாங்கிக்கொள்வார், பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்குவார். அதோடு சரி. பிறகு அந்தத் தெருப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை மெதுவாக்கி, வெளியிலிருந்தே வீட்டை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்ப்பார். வீட்டுக்காரர் வாசலில் இருந்துவிட்டால் மட்டும் வண்டி நிற்கும்.

“இன்னாண்ணா, வீடு ஜம்முனு இருக்குதில்ல?”

“இருக்குதுப்பா.”

அவ்வளவுதான். மனசு குளிர்ந்து அடுத்த சைட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

தினகரன் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார்ந்தார்கள். இவருக்கு ஒரே இடத்தில் உட்காருவது மட்டும் வரவே இல்லை. பாலிடெக்னிக்கில் படித்து, கொத்தனார்களோடு அலைந்து, கடைசியில் ஒரே மகள் ஏலவார்குழலியின் பேரில் ‘குழலி பில்டர்ஸ்’ என்று பலகை மாட்டினார். காஞ்சிபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அவர் கட்டிய வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சின்னக் கருங்கல்லில் மகளின் பேர் இருக்கும்.

ஆபீசில் சத்யப்ரியா என்று ஓர் இன்ஜினியர் இருந்தாள். முசரவாக்கத்து விவசாயி வீட்டுப் பெண். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே விஷயத்தை விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், பெரிய கம்பெனிங்கள்ல ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சா எல்லாரும் உக்காந்து பேசுவாங்க சார். எது சரியா வந்துது, எது சொதப்பிச்சுன்னு. அடுத்த வேலைக்கு அது உதவும். நாமளும் முடிச்ச வீடுங்கள ஒரு மழை கழிச்சுப் போய்ப் பாக்கலாம் சார்.”

“அவங்களுக்கு உக்காந்து பேச ஏசி ரூம் இருக்குது. நமக்குக் கம்பி வந்து இறங்கிக்கினு இருக்குது. கிளம்பு கிளம்பு.” படியில் இறங்கும்போது திரும்பி ஒன்றும் சேர்த்துச் சொல்வார். “நாமளே போய் நின்னா, சும்மா இருக்கிறவனுக்கும் குறை ஞாபகம் வரும்மா.”

இப்படி இருக்கும்போதுதான் குழலிக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை லோகேஷ் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அப்பா வேலாயுதமும் அம்மா கமலாட்சியும் வீட்டிலேயே பட்டு நெய்கிறவர்கள். தரகர் விலாசத்தைச் சொன்னதும் தினகரன் எழுந்தே விட்டார். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கட்டிய வீடு அது! கீழே தறி போட ஒரு கூடம், பின்னால் சமையல்கட்டு, மாடியில் இரண்டு அறை. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்க்கும் முன்பே அவருக்குச் சம்மதம்.

“பொண்ணு நம்ம வீட்டுக்கே போறா காவேரி!”

“நம்ம வீடு இல்லீங்க. அவங்க வீடு” என்றாள் மனைவி காவேரி. அவள் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

பேச்சுவார்த்தைக்குப் போன அன்று கூடத்தில் உட்கார்ந்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். “வீடு ஜம்முனு இருக்குதில்லம்மா?”

கமலாட்சி காபியை நீட்டினாள். “நல்லாத்தாண்ணா இருக்குது.”

அந்த ‘தான்’ தினகரன் காதில் விழவில்லை. காவேரியின் காதில் விழுந்தது.

வைகாசியில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் சீர் சாமான் குட்டியானை வண்டியில் போய் இறங்கியது. தேக்குக் கட்டில், மெத்தை, பாத்திரங்கள், கூடவே ஆள் உயரத்துக்கு மேல் நின்ற இரும்பு பீரோ. கண்ணாடி பதித்தது, குழலி கடைகடையாய் ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது. மணமக்கள் அறை மாடியில். நான்கு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். முதல் ஏழு படி நன்றாகப் போயிற்று. படி திரும்புகிற இடத்தில் பீரோ நின்றுவிட்டது.

“சாய்ச்சிப் புடிப்பா” என்றார் தினகரன். சாய்த்தார்கள். போகவில்லை. “படுக்க வச்சி தூக்கு.” படுக்க வைத்தார்கள். மேலே இருந்தவனால் காலை ஊன்ற முடியவில்லை. “உங்களுக்கு தூக்கத் தெரியல. எத்தினி வருஷமாய்யா லோடு வேல பாக்குறீங்க?” என்று சத்தம் போட்டார். இரண்டு பக்கத்து உறவுகளும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு கீறல் விழுந்தது. பீரோவிலும் ஒன்று விழுந்தது.

வேலாயுதம் மெல்ல வந்து அவர் தோளில் கை வைத்தார். அதிர்ந்து பேசாத மனிதர். “விடுங்க சம்பந்தி. அவங்க மேல தப்பு இல்ல. எங்க பீரோவும் போகல. அதான் கீழயே வச்சிருக்கோம்.”

தினகரன் திரும்பிப் பார்த்தார். தறிக் கூடத்து மூலையில், நூல் வைக்கிற அலமாரி என்று அவர் நினைத்திருந்த பொருள், துணி போர்த்திய பீரோ.

“அப்ப மேல இருக்கிற கட்டிலு?”

“அது பால்கனி வழியா ஏறினது” என்றாள் கமலாட்சி. “நம்ம வீட்ல பெரிய சாமானுக்கெல்லாம் அதாண்ணா வழி.” சொன்னவள் தெருப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி எதிர் வீட்டுக்காரர்கள் கயிற்றோடு வந்தார்கள். எந்தக் கம்பியில் கட்டவேண்டும், எத்தனை பேர் கீழே தாங்க வேண்டும் என்று அந்தத் தெருவுக்கே பாடமாகியிருந்தது. பீரோ அந்தரத்தில் ஊசலாடியது. அதன் கண்ணாடியில் ஒரு நிமிஷம் வானம் தெரிந்தது. பால்கனிக்குள் இறங்கியதும் தெருவே கைதட்டியது. தினகரனும் தட்டினார். தட்டிய கை அவருக்கே கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய வரைபடத்தைத் தேடவில்லை. தேடத் தேவையில்லை. படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜாண் குறைத்து அதைக் கூடத்துக்குக் கொடுத்தது அவர்தான். கூடம் பெரிதாகத் தெரியும், பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள் என்று கொடுத்தது.

கல்யாணம் முடிந்து ஆடி பிறந்ததும் குழலி தாய் வீட்டுக்கு வந்தாள். வந்த முதல் நாளே அம்மாவும் மகளும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தினகரன் பேப்பர் படிக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்ரூம்ல ஒரு சொம்பு ஊத்தினா தண்ணி ஓட்டைக்குப் போகாதும்மா. நேரா கதவுக்கு வரும். அத்தை வாசல்ல ஒரு பழைய துண்ட சுருட்டி வச்சிருப்பாங்க. குளிக்கிறப்போ கால்ல தள்ளிக்கினே குளிக்கணும்.”

“ஐயோ!”

“எங்க ரூம் லைட்டு சுவிட்ச் கதவுக்குப் பின்னாடி இருக்குது. இருட்டுல உள்ள போயி, கதவ சாத்திட்டுதான் லைட் போடணும். மொத நாளு புது பீரோவுல அவரே முட்டிக்கினாரு.” குழலி சிரிப்பை அடக்க முடியாமல் முறத்தைத் தள்ளிவிட்டாள். “அடுப்புக்குப் பின்னாடி ஜன்னல். காத்தடிச்சா கேஸ் அணைஞ்சிடும். ஒருத்தர் தோச ஊத்தணும், ஒருத்தர் தட்டு புடிக்கணும். அத்தையும் நானும் அப்டிதாம்மா பழக்கமானோம்.”

தினகரன் பேப்பரை மடித்தார். “ஏம்மா, இவ்ளோ இருக்குதே, அவங்க ஒரு வார்த்த என்கிட்ட சொல்லலையே?”

“நீ கேட்டியாப்பா?”

“கேக்காம? பாக்கும்போதெல்லாம் கேப்பேனே!”

“எப்டிக் கேட்ட?”

அவர் வாய் திறந்தார். ‘ஜம்முனு’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. வந்த சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு, “சரி, நாளைக்கே ஆளுங்கள கூட்டிக்கினு போயி உடைச்சி சரி பண்ணிடறேன்” என்றார்.

குழலியின் முகம் மாறிவிட்டது. “வேணாம்பா! நான் வந்து குறை சொன்னேன்னு ஆயிடும். அத்தை என்மேல உசிரா இருக்காங்க. அவங்க வீட்டப் பத்தி இங்க வந்து சிரிச்சேன்னு தெரிஞ்சா மனசு இன்னா ஆவும்?”

காவேரி கணவனைப் பார்த்தாள். “ஆளுங்க கடப்பாறையோட போய் நின்னா அவங்களுக்கு அவமானம். நீங்க சும்மா இருங்க. போற நேரம் வரும்.”

சும்மா இருப்பது தினகரனுக்குத் தெரியாத வேலை. ஆடியும் ஆவணியும் அவர் பட்ட பாடு ஆபீசுக்கே தெரிந்தது. புது சைட்டுகளில் படி திரும்புகிற இடத்தில் போய் நின்று கையை விரித்து அளந்தார். குளியலறைத் தரையில் சொம்புத் தண்ணீரை ஊற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். “சார் எதையாவது தொலைச்சிட்டாரா?” என்று கலியன் மேஸ்திரி சத்யப்ரியாவிடம் கேட்டார். அவள் காரணம் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு சைட்டிலும் ஒரு சொம்பு எடுத்து வைத்துவிட்டாள்.

தலைத் தீபாவளி வந்து போயிற்று. ஐப்பசிக் கடைசியில் ஒரு மத்தியானம் காவேரி அதிரசம் சுட்டு ஒரு தூக்கில் அடுக்கினாள். “சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்கும்னு குழலி சொன்னா. வாங்க, கொடுத்துட்டு வரலாம்.” வானம் கிழக்கே கறுத்திருந்தது. தினகரன் சொன்னார்; காவேரி காதில் வாங்கவில்லை. அவள் வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாளா என்று பிற்பாடு பலமுறை கேட்டும் அவருக்குப் பதில் கிடைத்ததில்லை.

பிள்ளையார்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்து, சொம்புத் தண்ணீர் குடித்து, தூக்கைத் திறந்து வைத்தார்கள். வேலாயுதம் தறியில் இருந்தார். மாம்பழ மஞ்சளில் சேலை. அரக்குக் கரை ஏறிக்கொண்டிருந்தது. வெளியே தூரத்தில் ஓர் இடி புரண்டது.

அந்த ஓர் இடிக்கு அந்த வீடு எழுந்த வேகத்தை தினகரன் தன் வாழ்நாளில் மறக்கவில்லை. வேலாயுதம் தறியை விட்டு இறங்கிவிட்டார். கமலாட்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். குழலி, தன் மகள், கொடியில் தொங்கிய தார்ப்பாயை ஒரே இழுப்பில் இறக்கினாள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாமனார் ஒரு முனை, மாமியார் ஒரு முனை, மருமகள் ஒரு முனை. தார்ப்பாய் தறியின்மேல் விரிந்தது. நாலாவது முனை தொங்கியது.

“அவரு வேலைக்குப் போயிருக்காரு. அப்பா, அத புடி!” என்றாள் குழலி.

தினகரன் ஓடிப்போய்ப் பிடித்தார். “அங்க இல்ல, ஜன்னல் கம்பில சுத்து. மேல. இன்னும் மேல.” அவர் சுற்றினார். சுற்றிய கையின்மேல் சுளீரென்று சாரல் அடித்தது. கிழக்கு ஜன்னலுக்கு மேல் அவர் போட்ட சன்ஷேடு ஒரு முழம்கூட இல்லை. மழை சாய்ந்து, நேராகப் பாவின்மேல் வந்தது. விரித்த பட்டு இழைகளும் ஜரிகையும் ஒரு தார்ப்பாயின் தயவில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தன. ஜன்னல் கதவைச் சாத்தினால் என்ன என்று அவர் கேட்கப் போனார். சாத்தினால் கூடம் முழுக்க இருட்டு. தறிக்கும் கதவுக்கும் நடுவில் கதவு திரும்ப இடமும் இல்லை. கேட்கவில்லை.

சட்டை நனைந்துவிட்டது. கை கால் கழுவப் போனவர், குளியலறையில் கதவுப் பக்கம் ஓடி வந்த தண்ணீரைக் கண்டு, யாரும் சொல்லாமலே அந்தப் பழைய துண்டைக் காலால் தள்ளினார். மாடிக்குப் போய் மாப்பிள்ளையின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மின்வெட்டு இல்லை, ஆனால் அறையில் விளக்கைப் போட அவர் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. சாத்திவிட்டு, அந்த இருட்டில், சுவிட்ச்சைத் தேடாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் கட்டிய வீடு இது. இதில் எப்படி வாழ்வது என்பது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

கீழே இறங்கி வந்தபோது மழை நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். “இன்னிக்கு எங்கயும் போக முடியாது. இருந்துட்டுப் போங்க” என்றாள் கமலாட்சி. எல்லாரும் தறிக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டார்கள். தினகரன் எதிரே இருந்த கமலாட்சியைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

“வீடு ஜம்...”

காவேரி அவரைப் பார்த்தாள். அவர் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சம்பந்தியம்மா, ஒன்னு கேக்குறேன். இந்த வீட்ட நாளைக்கே இடிச்சிட்டுப் புதுசா கட்றதா இருந்தா, இன்னா இன்னா மாத்தச் சொல்லுவீங்க?”

கமலாட்சி புருஷனைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். குழலி அதிரசத்தின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“நெஜமாவே கேக்குறீங்களா? இல்ல மரியாதைக்கா?”

“தார்ப்பாய் புடிச்சவன்மா நானு. நெஜமாதான் கேக்குறேன்.”

கமலாட்சி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். ஏழெட்டு வருஷம் அடக்கி வைத்தது வெளியே வந்தது. கோபமாக வரவில்லை. தன் பிள்ளையின் குறும்புகளை ஒரு தாய் அடுக்குகிற மாதிரி வந்தது. படி, பாத்ரூம், சுவிட்ச், சாரல், கேஸ் அடுப்பு, மொட்டை மாடியில் துணி காயப்போட ஆணி அடிக்க முடியாத கைப்பிடிச்சுவர், வாசற்கதவில் அஞ்சல்காரருக்குக் கை எட்டாத அழைப்பு மணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. லோகேஷ் காலேஜ் பரீட்சைக்குப் போகிற அன்று பாத்ரூம் தண்ணீரில் வழுக்கி விழுந்தது, வேலாயுதத்தின் தங்கை பால்கனி வழியாகக் கட்டில் ஏறுவதைப் பார்த்து மயங்கி விழுந்தது. வேலாயுதமே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினகரனும் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் அவர் கேட்டார்:

“ஏன் சம்பந்தி, என்கிட்ட ஒரு தபாகூட சொல்லலையே?”

வேலாயுதம் கையிலிருந்த அதிரசத்தைக் கீழே வைத்தார். “நீங்க தெருவுல வண்டிய நிறுத்திக் கேப்பீங்க. அவ்ளோ சந்தோஷமா கேப்பீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எப்டி சம்பந்தி சொல்றது?”

தினகரனுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“குறை மட்டும்தான் கேப்பீங்களா?” என்றாள் கமலாட்சி. “நல்லது ஒன்னு இருக்குது. அதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னு நானு எத்தினி நாள் நெனச்சிருக்கேன்.” சொல்லிவிட்டு, கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுச் சுவரில் இருந்த சின்ன ஜன்னலைக் காட்டினாள். ஒரு தலை நுழைகிற அளவு. “குழம்பு கொதிக்கிறப்போ நானு அந்தப் பக்கம், இவரு இந்தப் பக்கம். பேச்சுத் துணைக்குப் பேச்சுத் துணை. இழை அறுந்தா அங்கேர்ந்தே குரல் குடுப்பாரு. டீ அது வழியாதான் வரும். சண்டை போட்டா மட்டும் அதச் சாத்தி வப்பேன்.”

“ரெண்டு நாளு சாத்தி இருந்துதுன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும்” என்றார் வேலாயுதம்.

தினகரன் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் திட்டத்தில் இல்லாதது. கட்டும்போது சாரத்துக்கு விட்ட ஓட்டை பெரிதாக உடைந்துவிட்டது. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால், பூச நேரமில்லாமல் ஒரு பழைய ஜன்னல் சட்டத்தை வைத்து அடைத்தார்கள். கிரகப்பிரவேசத்தன்று அதன்மேல் காலண்டரை மாட்டி மறைத்தவரே அவர்தான். அந்த அசிங்கம் மறுபடி வந்துவிடக் கூடாது என்று, அதற்குப் பின் கட்டிய தறி வீடுகளில் எல்லாம் சமையல்கட்டைக் கூடத்தை விட்டு விலக்கி, பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்.

அதை அவர் சொன்னபோது கமலாட்சி வாயில் கை வைத்தாள். “அப்ப அந்த வீட்டுப் பொம்பளைங்கல்லாம் யார்கிட்டண்ணா பேசுவாங்க?”

மழை விட்ட மறுநாளே வேலை தொடங்கியது. குறை சொன்னது குழலி அல்ல, கமலாட்சியே கேட்டவருக்குச் சொன்னாள் என்பதால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. கலியன் மேஸ்திரி குளியலறைத் தரையைப் பெயர்த்து, ஓட்டையைப் பார்த்துச் சரிவாக வாட்டம் கொடுத்துப் பூசினார். கிழக்கு ஜன்னலுக்கு மேல் நீளமாக ஒரு தகரக் கூரை இறங்கியது. சுவிட்ச் இடம் மாறியது. அடுப்பு மேடை திரும்பி உட்கார்ந்தது. அதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு கருத்து வேறுபாடு வந்து, தினகரன் நடுவில் மாட்டி, இருவரும் அவரைத் திட்டி ராசியானார்கள். படியை மட்டும் கமலாட்சி தொடவிடவில்லை. “அத உடைச்சா வீட்டையே உடைக்கணும்ணா. இருந்துட்டுப் போவட்டும். கயிறு இழுத்த கதைய இந்தத் தெரு இன்னும் பேசி முடிக்கல.”

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்ததும் தினகரன் சத்யப்ரியாவின் மேசை முன்னால் வந்து நின்றார்.

“எந்த வீட்டுக்கு மொதல்ல போவலாம்னு சொல்லும்மா.”

சத்யப்ரியா ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. குடை இரண்டை எடுத்துக்கொண்டாள். “ஏனாத்தூர் போலாம் சார். மழை பேஞ்சிக்கினு இருக்கும்போதே போனாதான் தெரியும்.”

ஏனாத்தூரில் கலாவதி என்கிற அம்மா, கல்லூரிப் பெண்களுக்கு வாடகைக்கு விட அறைகள் கட்டியிருந்தாள். இவர்களைக் கண்டதும் அவளுக்குச் சந்தேகம். “இன்னா, மேல இன்னொரு மாடி கட்டச் சொல்ல வந்தீங்களா? என்கிட்ட பணம் இல்லப்பா.”

“இல்லம்மா. கட்டினதுல இன்னா தப்புன்னு கேக்க வந்தோம்.”

கலாவதி அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். “உடம்பு நல்லா இருக்குதா?” என்றாள். பிறகு உள்ளே அழைத்துப் போய் ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். முடிவில் வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். படியிறங்கும்போது, “எத்தினி பேரு வீடு கட்டிக் குடுக்குறான், எவன்யா திரும்பி வந்து கேக்குறான்!” என்று சொல்லி, வயலில் பறித்த கத்தரிக்காயைப் பையில் போட்டாள். வண்டியில் ஏறியபின் தினகரன் சொன்னார்: “திட்டு வாங்கினா காய் கெடைக்கும்னு யாரும் எனக்குச் சொல்லலையேம்மா.”

அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் சுற்றினார்கள். ஒரு வீட்டில் குளியலறைத் தண்ணீர் தப்பான பக்கம் ஓடினால் கைப்பிழை என்று விட்டுவிடலாம். போகிற வீட்டில் எல்லாம் ஓடினால் என்ன சொல்வது? ஒரு மாலை ஆபீசில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரையும் உட்காரவைத்து, தட்டு நிறைய போண்டாவை நடுவில் வைத்து, சத்யப்ரியா இதைக் கேட்டாள். கலியன் மேஸ்திரிதான் போண்டாவைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

“கோச்சுக்காதீங்க சார். முகூர்த்தம் குறிச்சிட்டு நீங்க தலமேல நிக்கிறீங்க. பாத்ரூம் எப்பவும் கடைசி. விடியறதுக்குள்ள ஓடு ஒட்டணும்னா எவன் வாட்டம் பாப்பான்?”

எல்லாரும் தினகரனின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு போண்டாவை எடுத்து மேஸ்திரியின் தட்டில் வைத்தார். “அப்ப இனிமே பாத்ரூம் மொதல்ல. தண்ணி ஊத்திப் பாத்தப்புறம்தான் தேதி குறிக்கச் சொல்லணும்.” பிறகு பேச்சு மடை திறந்த மாதிரி ஆயிற்று. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் கேட்பாரில்லாமல் இருந்தது. அன்று ஆபீசைப் பூட்டும்போது சத்யப்ரியாவின் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்து, “ஏசி ரூம் இல்லாமலே முடிஞ்சுது பாத்தியா” என்றார் தினகரன்.

புது வழக்கம் ஒன்று காவேரியின் யோசனையில் வந்தது. வீட்டைக் கைமாற்றிக் கொடுக்கும் முன்னால், வீட்டுக்காரரின் அனுமதியோடு, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பகல் அதில் குடித்தனம் பண்ணிப் பார்ப்பது. சமைப்பது, குளிப்பது, துவைத்துக் காயப்போடுவது, மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுவது. “வீடு வாயத் திறந்து பேசும்ங்க. உள்ள இருந்தாதான் கேக்கும்” என்றாள் அவள்.

முதல் வீடு முசரவாக்கத்தில், ஒரு தறிக்காரத் தம்பதிக்குக் கட்டியது. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல், இந்த முறை வரைபடத்திலேயே இருந்தது. தை மாதத்து வெயில் இதமாக உள்ளே விழுந்தது. காவேரி ஸ்டவ்வை வைத்துச் சாதமும் ரசமும் அப்பளமும் செய்தாள். தினகரன் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தார்.

“கல்யாணம் ஆன நாளா நீங்க ஒரு பகல் முழுக்க என்கூட வீட்ல இருந்தது இதாங்க மொத தபா” என்றாள் அவள், ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து.

“அதுவும் யாரோ வீட்ல.”

“யார் வீடா இருந்தா இன்னா. பூண்டு ஒழுங்கா உரிங்க, தோல் இருக்குது.”

சாப்பிட்டபின் காவேரி குளிக்கப் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. தினகரன் குனிந்து கதவடியைப் பார்த்தார். காய்ந்த தரை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அவருக்கு எழுந்து நின்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

“ஏங்க! துண்டு மாட்ற கம்பி எங்கங்க?”

தினகரன் கண்ணை மூடித் திறந்தார். கம்பி இல்லை. வரைபடத்திலும் இல்லை, சத்யப்ரியா நினைவிலும் இல்லை, கலியன் மேஸ்திரி நினைவிலும் இல்லை.

“புடவ, துண்டு எல்லாம் எங்க வச்சிருக்க?”

“கையிலதான் வச்சிருக்கேன். ஒரு கையால எப்டிக் குளிக்கிறது?”

அவர் கதவருகே போனார். ஒருக்களித்த கதவு வழியாக ஈரக்கை ஒன்று நீண்டு, துண்டையும் புடவையையும் நீட்டியது. அவர் இரண்டையும் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டு, சுவரோடு சாய்ந்து நின்றார்.

“நின்னுக்கினு இருக்கீங்களா?”

“நின்னுக்கினுதான் இருக்கேன். நீ பொறுமையா குளி.”

நின்றபடியே, கம்பியை எந்த உயரத்தில் வைப்பது, அவளுக்கு எட்டவேண்டுமே என்று சுவரில் விரலால் ஓர் இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.